இருளில் செல்பவரின் விளக்கு



மதரஸாவில் பாடம் நடத்துபவனுக்கும் மிதிவண்டி விளக்குக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். கடற்கரையை ஒட்டிய எங்கள் பகுதியில் தொடர்பு நிறையவே உண்டு. கோடையில் நாலரை மணிக்கெல்லாம் ஃபஜ்ருக்குப் பாங்கு ஒலித்துவிடும். மஃரிபுக்குப் பின் நடைபெறும் குர்ஆன் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும்போது நன்றாக இருட்டியிருக்கும். ரமளானில் தராவீஹ் முடிந்து வீடு சேர்வதற்குப் பத்து மணி கடந்துவிடும். நம் வழிபாட்டு வாழ்வின் பெரும்பகுதி இருட்டில்தான் சாலையைக் கடக்கிறது. இருளில் பள்ளிவாசலை நோக்கி நடப்பவர்களுக்கு மறுமையில் நிறைவான ஒளி உண்டு என்னும் நற்செய்தியை அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். அந்த ஒளியை எதிர்பார்த்துச் செல்பவர், இம்மையின் சாலையில் எத்தகைய விளக்குடன் செல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்று இந்தக் கேள்வியை என் முன் நிறுத்தியது. என் மாணவன் ஒருவன், பதினோரு வயது, வகுப்பு முடிந்து மிதிவண்டியில் வீடு திரும்பும்போது பின்னால் வந்த இருசக்கர வாகனம் மோதிக் கை எலும்பு முறிந்தது. வண்டியை ஓட்டி வந்தவர் தப்பி ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். “சைக்கிள் இருந்ததே தெரியலைங்க” என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளை அணிந்திருந்தது கருநீலச் சட்டை. மிதிவண்டியில் முன்விளக்கும் இல்லை, பின்புறச் சிவப்பு ஒளிர்வில்லையும் உடைந்து போயிருந்தது. அல்லாஹ்வின் அருளால் கை கூடிவிட்டது. ஆனால் மறு வாரமே ஏழெட்டுப் பெற்றோர் வந்து, இரவு வகுப்புக்குப் பிள்ளைகளை இனி அனுப்ப இயலாது என்றனர். அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருந்தது. வகுப்பை நிறுத்துவதா, பாதையைப் பாதுகாப்பானதாக்குவதா என்று முடிவு செய்ய வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது.

எங்கள் ஊரான கோட்டக்குப்பத்தின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கிழக்குக் கடற்கரைச் சாலை ஊரை ஊடுருவிச் செல்கிறது. பெரிய முதலியார்சாவடியிலிருந்து குயிலாப்பாளையம் வழியாக மேட்டின் மீது ஏறினால் ஆரோவில். 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அந்நகரம் தொடங்கப்பட்டபோது அது மரமற்ற செம்மண் பொட்டலாக இருந்தது. மழைநீர் அரித்த ஓடைகள் ஆழ்ந்த பள்ளங்களாகிக் கிடந்தன. பின்னர் வந்தவர்கள் வரப்பு கட்டி, நீரைத் தேக்கி, மரங்களை நட்டு அதைக் காடாக்கினர். இன்று அந்தக் காட்டுக்குள் தெருவிளக்கு இல்லாத செம்மண் தடங்கள் ஏராளம். வேர்களும் சரளைக் கற்களும் திடீர்ப் பள்ளங்களும் நிறைந்த அத்தடங்களில், தடித்த சக்கரங்கள் கொண்ட மலைப்பாதை மிதிவண்டிகளை ஓட்டுவது நம் இளைஞர்களுக்கு விருப்பமான பொழுதுபோக்கு. பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் செல்பவர்களும் உண்டு.

அவ்வாறு செல்பவர்களில் ஒருவன் என் பழைய மாணவன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். அடிபட்ட சிறுவன் அவனுக்கு உறவினன். “ஹஜ்ரத், விளக்கு விஷயத்தை என்கிட்ட விடுங்க. நாங்க ராத்திரியில காட்டுக்குள்ளேயே ஓட்டுறோம்” என்றான். ஒருநாள் இஷாவுக்குப் பின் அவனும் அவன் நண்பர்களும் என்னைக் குயிலாப்பாளையத்துக்கு அப்பால் உள்ள ஒரு தடத்துக்கு அழைத்துச் சென்று காட்டினர். அன்று நான் கற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் இளமையில் விளக்கு என்றால் டைனமோதான். என் அத்தாவின் மிதிவண்டியில் பின்சக்கரத்தோடு உரசிச் சுழலும் புட்டி வடிவ டைனமோ இருந்தது. வேகமாக மிதித்தால் பிரகாசம், மெதுவாக மிதித்தால் மங்கல், நின்றால் இருள். விளக்கில்லாமல் சென்றால் காவலர் நிறுத்துவார் என்ற அச்சம் ஊரெங்கும் இருந்தது. அந்த விளக்கின் ஆற்றல் மூன்று வாட் அளவே. ஆனால் அக்காலச் சாலையில் வேகமும் குறைவு, எதிரே வருபவரின் விளக்கும் அவ்வளவே. இன்று உள்ளங்கையில் அடங்கும் எல்இடி விளக்கு ஆயிரம் லூமென் ஒளியைத் தருகிறது. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளியின் அளவு. அந்த ஒளி எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்வதில்லை. நான் கற்ற முதல் பாடம் இதுதான்.

இரண்டாவது பாடம், விளக்கைக் கைப்பிடியில் பொருத்துவதற்கும் தலைக்கவசத்தில் பொருத்துவதற்கும் உள்ள வேறுபாடு. கைப்பிடி விளக்கு நம் கண்ணைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆகவே ஒரு கல்லோ வேரோ எதிர்ப்பட்டால் அதன் நிழல் அதற்குப் பின்னே நீண்டு விழுகிறது. மேலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்கு அந்த நிழல் தெளிவாகத் தெரிகிறது. பள்ளத்தையும் மேட்டையும் நிழல்தான் அடையாளம் காட்டுகிறது. தலைக்கவச விளக்கோ கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், நிழல்கள் பொருள்களுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. தரை முழுவதும் சமமாக இருப்பதுபோல் தோன்றும். அன்றிரவு மாணவன் கைப்பிடி விளக்கை அணைத்துக் காட்டினான். கண்முன் இருந்த ஒரு முழ ஆழப் பள்ளம் வெறும் செந்நிறத் திட்டாக மாறிற்று.

எனினும் தலைக்கவச விளக்குக்கு அதற்கென்றே ஒரு பயன் உண்டு. கைப்பிடி விளக்கு சக்கரம் திரும்பும் பக்கத்தை மட்டும் காட்டும். வளைவுக்கு அப்பால் இருப்பதைக் காட்டாது. தலைக்கவச விளக்கு நாம் பார்க்கும் திசையெங்கும் வரும். வளைவில் திரும்பும் முன்பே பாதையைக் காணலாம். சங்கிலி கழன்றால் இரு கைகளாலும் சரிசெய்யலாம். பாதையோரம் பாம்பு கிடக்கிறதா என்று நோக்கலாம். ஆகவே காட்டுத் தடத்தில் இரண்டும் வேண்டும்: கைப்பிடியில் அகன்ற ஒளி, தலையில் குவிந்த சிற்றொளி. சாலையில் செல்பவருக்குக் கைப்பிடி விளக்கே போதுமானது. மூடுபனியிலும் புழுதியிலும் மழையிலும் தலைவிளக்கு துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்து வெண்திரை போட்டுவிடும். அப்போது அதை அணைத்துவிடுவதே நல்லது.

மூன்றாவது பாடம் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் வண்டி எட்டு மீட்டர் கடந்துவிடும். செம்மண் சரளையில் நிற்பதற்கு மேலும் ஐந்து மீட்டர் தேவைப்படும். பதினைந்து மீட்டருக்கேனும் தெளிவாகத் தெரியாவிட்டால் அந்த வேகத்தில் செல்வது கண்ணை மூடிக்கொண்டு செல்வதற்கு ஒப்பாகும். வேகத்தைப் பாதியாக்கினாலோ, ஐந்தாறு மீட்டருக்குள் நின்றுவிடலாம். வலிமையான விளக்கு வாங்க இயலாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது: விளக்கு எட்டும் தொலைவுக்கு ஏற்ப வேகத்தை அமைத்துக்கொள்ளட்டும்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்பு என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே எண்ணினேன். மரக்காணத்தில் ஒரு பெண்மணி சொன்ன சொல் அவ்வெண்ணத்தை மாற்றியது.

கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் மரக்காணம் உள்ளது. கடலுக்கும் கழுவெளி நீர்நிலைக்கும் அருகே கண்ணுக்கெட்டிய வரை உப்பளப் பாத்திகள். மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்தபின் பாத்திகளில் வேலை தொடங்கி, அடுத்த மழை வரை நடக்கும். வெயில் ஏறினால் வெண்மையான உப்பின் மீது பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும்; வெப்பமும் தாங்க இயலாது. ஆகவே தொழிலாளர்கள் விடியுமுன்பே வேலைக்கு இறங்கிவிடுகின்றனர். உப்பு வாரும் காலத்தில் ஓர் உறவினர் இல்லத் திருமணத்துக்காக நாங்கள் மரக்காணத்தில் தங்கியிருந்தோம். இளைஞர்கள் தங்கள் மிதிவண்டிகளையும் கொண்டு வந்திருந்தனர். ஃபஜ்ருக்கு முன் உப்பளப் பக்கம் சென்று வரலாம் என்று நான்கு மணியளவில் புறப்பட்டனர். நானும் சாதாரண மிதிவண்டி ஒன்றில் அவர்களுக்குச் சற்றுப் பின்னே சென்றேன்.

பாத்திகளுக்கு இடையே குறுகலான மண்பாதை. எதிரே ஐந்தாறு பெண்கள் தலையில் கூடையும் கையில் சிறு டார்ச்சுமாக வரிசையாக வந்துகொண்டிருந்தனர். இளைஞர்கள் நல்ல பிள்ளைகள். வேகத்தைக் குறைத்தனர்; ஒதுங்கி வழிவிட்டனர்; மரியாதையாக அவர்களை நோக்கித் திரும்பி, “போங்கம்மா” என்றனர். நால்வரின் முகங்களும் திரும்பியபோது நால்வரின் தலைக்கவச விளக்குகளும் அப்பெண்களின் கண்களில் நேராக விழுந்தன. முன்னால் வந்தவர் கையால் முகத்தை மறைத்தபடி ஓரடி பின்வைத்தார். கால் வரப்பை விட்டு நழுவி உப்புநீர் வாய்க்காலில் இறங்கியது. வாய்க்கால் ஓரத்தில் கெட்டிப்பட்டிருந்த உப்பு, கணுக்காலைக் கீறிவிட்டது. கீறல் சிறியதுதான். ஆனால் உப்பு நீரில் அந்தக் கீறலோடு நாள் முழுவதும் நிற்க வேண்டியவர் அவர்.

இளைஞர்கள் பதறிப்போய் அவரைத் தூக்கிவிட்டு, குடிக்க வைத்திருந்த நீரால் காயத்தைக் கழுவினர். அவர் அவர்களைத் திட்டவில்லை. என்னைப் பார்த்து, “பாய், இருட்டு எங்களுக்குப் பழக்கம். இருட்டுல வரப்பு எது வாய்க்கா எதுன்னு கால் சொல்லும், கண்ணும் சொல்லும். உங்க பசங்க வெளிச்சம் கண்ணுல அடிச்சப்புறம்தான் ஒண்ணும் தெரியல” என்றார்.

அப்பெண்மணி சொன்னது முற்றிலும் உண்மை. நம் கண் இருளுக்கு முழுமையாகப் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் வரை ஆகும். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கண்ணின் நிறமி மெல்ல மெல்லத்தான் சேர்கிறது. கூரிய வெள்ளொளி ஒரு கணம் பட்டாலும் அது சிதைந்துவிடும். மீண்டும் சேர நேரம் ஆகும். விளக்கைச் சுமப்பவருக்கு இது தெரிவதில்லை. அவர் முன்னால் எப்போதும் வெளிச்சம்தான். பஸராவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற ஒளியியல் நூலை எழுதினார். கடும் ஒளியை நோக்கும் கண் துன்புறுகிறது என்ற எளிய உண்மையை, ஒளி கண்ணுக்குள் வந்து செயல்படுகிறது என்பதற்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டினார். கண்ணைத் துன்புறுத்தும் ஆற்றல் ஒளிக்கு உண்டு என்பது நம் முன்னோர் அறியாததன்று.

திரும்பி வரும் வழியில் என் உள்ளத்தில் நின்றது, பாதையின் உரிமைகள் பற்றிய நபிமொழி. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான அது, பாதையோரம் அமர்ந்து பேசுவதைத் தவிர்க்க இயலாது என்று கூறிய தோழர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது. பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை பாதைக்கு நாம் செலுத்த வேண்டிய உரிமைகளாக அதில் கூறப்படுகின்றன. பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நான் நடத்திவரும் பாடம் அது. பார்வையைத் தாழ்த்துதல் என்பதன் நேரடிப் பொருள் நாம் அறிந்ததே. ஆனால் நெற்றியில் விளக்கு கட்டியவனுக்குப் பார்வையும் ஒளியும் ஒன்றே அல்லவா? அவன் எங்கே நோக்குகிறானோ அங்கே ஒளி பாய்கிறது. பார்வையைத் தாழ்த்தினால்தான் ஒளி தாழும். அன்பாக முகம் திருப்பி ஸலாம் சொன்னாலும், தாழாத விளக்கோடு சொன்னால் அந்த ஸலாமே தொல்லையாகிவிடுகிறது.

ஆகவே இரவில் செல்பவரின் விளக்குக்கு மூன்று கடமைகள் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். நாம் பார்க்க வேண்டும். நம்மைப் பிறர் பார்க்க வேண்டும். பிறர் பார்ப்பதை நாம் கெடுக்கக் கூடாது. முதலாவதற்காகவே நாம் பணம் செலவிடுகிறோம். இரண்டாவது இல்லாததால் என் மாணவனின் கை முறிந்தது. மூன்றாவதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஜெர்மனியில் மிதிவண்டி முன்விளக்கின் ஒளி மேலே எழாதவாறு வெட்டி அமைக்கப்பட வேண்டும் என்றும், முன்விளக்கு மினுங்கக் கூடாது என்றும் போக்குவரத்து விதியே வகுத்துள்ளனர். சட்டம் வற்புறுத்தாத இடத்தில் நம்மை வற்புறுத்த நம் மார்க்கம் இருக்கிறது.

இனி நடைமுறைக்கு வருவோம். கைப்பிடி விளக்கைச் சரியாகச் சாய்த்துப் பொருத்துவதற்கு ஓர் எளிய வழி உண்டு. சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி மிதிவண்டியை நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளியின் நடுப்பகுதி சுவரில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் விழ வேண்டும். அப்போது அது சாலையில் பதினைந்து மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். எதிரே வருபவரின் கண்ணைத் தொடாது. தலைக்கவச விளக்கைக் காட்டுத் தடத்தில் மட்டும் ஏற்றுங்கள். மனித நடமாட்டம் தெரிந்த உடனே அணைத்துவிடுங்கள்; அணைக்க நேரமில்லையெனில் உள்ளங்கையால் மூடுங்கள். மரக்காண நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் இளைஞர்கள் இதை வழக்கமாக்கிக்கொண்டனர். கழுவெளி 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கு இரவில் தங்கும் பறவைகள் மீது விளக்கு பாய்ச்சுவதும் தொல்லையே.

பின்புறம் சிவப்பு விளக்கு கட்டாயம். அது இயலாவிடில் ஒளிர்வில்லையேனும் உடையாமல் இருக்கட்டும். மிதிகட்டையில் ஒட்டும் ஒளிர்பட்டை மிகப் பயனுள்ளது. மேலும் கீழும் அசைவதால் அது மிதிவண்டி என்று பின்னால் வருபவர் உடனே அறிந்துகொள்வார். நடந்து வரும் பெண்களும் முதியவர்களும் கைப்பையில் ஒரு துண்டு ஒளிர்பட்டை ஒட்டிக்கொள்வது நல்லது. கறுப்பு புர்கா இருளில் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

வாங்கும்போது விளம்பர எண்களை நம்பிவிடாதீர்கள். இவ்விளக்குகளில் பெரும்பாலும் பயன்படுவது 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் மின்கலம். நல்ல கலம் ஒன்றில் அதிகபட்சம் சுமார் 3500 மில்லி ஆம்பியர் மணி அளவே கொள்ளும். அதன் மேல் 9900 என்று அச்சிட்டிருந்தால் அது அளவையில் செய்யும் மோசடி. ஒரே கலத்தில் ஆயிரம் லூமென் ஒளி ஒன்றேகால் மணி நேரம் கிடைத்தாலே நல்லது. பத்து மணி நேரம் எரியும் என்பது பொய்க் கணக்கு. நம்மில் வணிகம் செய்வோர் இதை அறிந்து விற்க வேண்டும். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காப்பது நமக்கு விதிக்கப்பட்ட கடமை. மின்கலத்தை உறங்கும்போது மின்னேற்றத்தில் விடாதீர்கள். உறங்கச் செல்லுமுன் வீட்டில் நெருப்பை விட்டுவைக்கக் கூடாது என்ற நபிவழி அறிவுரை இதற்கும் பொருந்தும். உப்புக் காற்று வீசும் நம் கடற்கரையில் விளக்கின் உலோகப் பகுதிகள் விரைவில் அரித்துப்போகும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து உலர்த்தி, மின்னேற்றும் துளையின் ரப்பர் மூடியை இறுக மூடி வையுங்கள்.

மாலை வகுப்பு நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். பெற்றோரும் இளைஞர்களும் சேர்ந்து ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் எல்லாப் பிள்ளைகளின் மிதிவண்டிகளையும் சரிபார்த்தனர். பின்விளக்கு இல்லாதவற்றுக்குச் சிலர் தம் செலவில் பொருத்தினர். விளக்கு விலையே தடையாக இருந்த வீடுகளுக்கு யார் கொடுத்தார் என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. பாதையில் கிடக்கும் முள்ளும் கல்லும் மட்டுமே தொல்லை என்று பிள்ளைகள் எண்ணியிருந்தனர். பிறர் கண்ணில் பாயும் விளக்கும், விளக்கே இல்லாத மிதிவண்டியும் அதே வகையில் சேரும் என்று இப்போது அவர்கள் அறிவர்.

இதைப் படிக்கும் பெற்றோர் இன்று இஷாவுக்குப் பின் ஒருமுறை வாசலுக்கு வந்து, பிள்ளையின் மிதிவண்டிக்கு முன்னே பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின்பு பின்னே சென்று பாருங்கள். முன்னே நிற்கும்போது கண் கூசக் கூடாது. பின்னே நிற்கும்போது சிவப்பு தெரிய வேண்டும். நம் பிள்ளைகளின் பாதைகளையும் நம் பாதையைக் கடந்து செல்லும் பிறர் பிள்ளைகளின் பாதைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.